நகராட்சி, பேரூராட்சி வேலை: சம்பளம், வேலை நேரம், நோய் விடுப்பு (ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி வரும் கேள்விகள்)

ராமேஸ்வரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று கடலோர ஊர்களில் குப்பை அள்ளுகிறவர்கள், வால்வு திறக்கிறவர்கள், கொசு மருந்து அடிக்கிறவர்கள், தெருவிளக்கு பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கூடவே சில கவுன்சிலர்கள் கேட்டதும், "நம்ம வரிப்பணம் எங்கே போகுது" என்று ஊர்க்காரர்கள் கேட்டதும் உண்டு. வேண்டிய கேள்வியை மட்டும் படித்தாலும் போதும், ஆனால் முதல் இரண்டை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் சம்பளத்தை யார் முடிவு பண்ணுகிறார்கள்? சேர்மனா, கமிஷனரா?

இரண்டு பேரும் இல்லை. நிரந்தரப் பணியாளர் என்றால் பதவியும் ஊதிய நிலையும் மாநில அரசு போட்டது. இப்போது ஓடுவது 2017-ல் வந்த திருத்திய ஊதிய விதிகள். கடைசி நிலையான நிலை 1-ல் அடிப்படை ஊதியம் 15,700-ல் தொடங்கி 58,100 வரை போகும், அதன் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேரும். மன்றம் தீர்மானம் போட்டு இதில் ஒரு ரூபாய்கூடக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குக் கீழ்வரம்பு குறைந்தபட்ச ஊதியம். உள்ளாட்சி வேலை என்பது 1948-ம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்த தொழில், அதனால் அரசு அதற்குத் தனியாக ஊதியம் நிர்ணயித்தே ஆகவேண்டியிருந்தது. 11.10.2017 தேதியிட்ட தொழிலாளர் துறை அரசாணை 62 என்று சங்கக்காரர்கள் அடிக்கடி சொல்வது அதைத்தான். அப்புறம் மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் தினக்கூலி விகிதம் நிர்ணயித்து உத்தரவு போடுகிறார், டெண்டர் மதிப்பீடு அதை வைத்துத்தான் தயாராகிறது. அந்த உத்தரவின் நகல் நகராட்சி அலுவலகத்தில் இருக்கும். ரகசியம் ஒன்றும் கிடையாது, கேட்டால் தரவேண்டிய காகிதம்.

இதில் மன்றத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் பெரிய வேலை. எத்தனை ஆளைக் கேட்டு டெண்டர் விடுவது, எந்த நேரத்துக்கு வேலை, நிபந்தனையில் விடுப்பு பற்றி என்ன எழுதுவது என்பதெல்லாம் மன்றக் கூட்டத்தில் அஜெண்டாவாக வந்து போகிற விஷயங்கள். பெரும்பாலும் யாரும் வாய் திறக்காமலே "ஏற்றுக்கொள்ளப்பட்டது" ஆகிவிடுகிறது.

ஒரே தெருவில் மூன்று பேர் கூட்டுகிறோம், மூன்று பேருக்கும் மூன்று சம்பளம். இது எப்படி?

அந்த மூன்று பேரும் மூன்று வேறு ஆள்களிடம் வேலை பார்க்கிறார்கள், அவ்வளவுதான் காரணம். ஒருவர் நகராட்சியின் நிரந்தர ஊழியர். இன்னொருவர் நகராட்சியே நேரடியாக தினக்கூலிக்கோ சுய உதவிக் குழு வழியாகவோ எடுத்தவர், கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பல ஊர்களில் இப்படித்தான். மூன்றாமவர் தனியார் ஒப்பந்தக்காரரின் ஆள். மூவருக்கும் மேஸ்திரி ஒருவர், விசில் ஒன்று, போடுகிற கோட்டு கூட ஒன்றாக இருக்கலாம். சட்டத்துக்கு மட்டும் மூவரும் வேறு வேறு.

அதனால் சம்பளம், லீவு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்று எதைக் கேட்பதற்கு முன்னாலும் நீங்கள் இந்த மூன்றில் எந்த ஆள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டையில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது, வங்கிக் கணக்கில் சம்பளம் யார் பெயரில் வரவாகிறது, இந்த இரண்டையும் பார்த்தால் தெரிந்துவிடும். எட்டு வருடமாக முனிசிபாலிட்டியில் இருக்கிறேன் என்பார், பாஸ்புக்கைப் பார்த்தால் அந்த எட்டு வருடத்தில் நான்கு கம்பெனி பெயர் மாறியிருக்கும். பக்கத்து மாநிலக் கம்பெனிகூட அதில் இருக்கலாம்.

நேரடியாக எடுத்த தற்காலிக ஆளுக்கு ஒரு வாதம் உண்டு. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்கிற தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவியின் ஊதிய நிலையில் குறைந்தபட்சத் தொகையாவது தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தக் கம்பெனி ஆளுக்கு இது தானாகப் பொருந்திவிடாது. அவர் முதலில் அந்த ஒப்பந்தமே ஒரு வேஷம் என்று நிரூபிக்கவேண்டும், அது நீண்ட வழக்கு.

நான் இருப்பது தங்கச்சிமடம். எனக்கும் இதே விதியா?

இல்லை. தங்கச்சிமடம், பாம்பன், ஏர்வாடி எல்லாம் கிராம ஊராட்சிகள். அங்கே தூய்மைக் காவலர்களுக்குத் தொகையும் விதியும் ஊரக வளர்ச்சித் துறை வழியாக வரும். மாவட்டத்தில் நகராட்சி நான்கு (ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம்), பேரூராட்சி ஏழு (மண்டபம், தொண்டி, ஆர்.எஸ். மங்கலம், சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதி, அபிராமம்). இந்தப் பக்கம் பேசுவது இந்தப் பதினொன்றைப் பற்றி. இவற்றை நடத்துவது 1998-ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம். பெயரில் 1998 என்று இருந்தாலும் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான்.

புதிய தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது, பழையது எதுவும் செல்லாது என்கிறார் மேனேஜர். உண்மையா?

பாதி உண்மை. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். சட்டங்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. ஆனால் பழைய சட்டத்தின் கீழ் போட்ட அறிவிக்கைகள், புதியது வந்து மாற்றும் வரை, புதிய சட்டத்துக்கு முரணாக இல்லாத அளவில் தொடரும் என்று புதிய சட்டமே சொல்கிறது. ஆக, "சட்டம் மாறிவிட்டது, அதனால் கூலி குறையும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சில இடங்களில் புதியது நமக்குச் சாதகமும்கூட. குறைவாகக் கொடுத்த கூலியைக் கேட்க முன்பு ஆறு மாதக் கெடுதான் இருந்தது, இப்போது மூன்று வருடம். சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வந்தாகவேண்டும். பிடித்தம் எல்லாம் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. ஒரே வேலைக்குப் பெண்ணுக்கு ஒரு கூலி, ஆணுக்கு ஒரு கூலி என்பதும் கூடாது, அது முன்பும் கூடாதுதான்.

சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்? கையில் வருவது ரொம்பக் கம்மியாக இருக்கிறதே?

ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாள் கூலி 500 என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் விகிதம் வேறாக இருக்கும், கணக்கு இதேதான்). 26 நாள் வேலை, 13,000 ரூபாய். பி.எஃப். உங்கள் பங்கு 12 சதவீதம், 1,560. இ.எஸ்.ஐ. உங்கள் பங்கு 0.75 சதவீதம், கிட்டத்தட்ட 98. இரண்டும் போகக் கையில் 11,342 வரவேண்டும்.

நிர்வாகமும் தன் பங்காக பி.எஃப்.-க்கு இன்னொரு 1,560, இ.எஸ்.ஐ.-க்கு 3.25 சதவீதம், அதாவது 423 போடவேண்டும். அது உங்கள் 13,000-க்கு மேலே, அவர்கள் பையிலிருந்து போகவேண்டிய பணம். இங்கேதான் வேலை நடக்கும். இரண்டு பங்கையும் தொழிலாளி தலையிலேயே கட்டி, "பிடித்தம்" என்று 3,600-க்கு மேல் கழித்துவிட்டு ஒன்பதாயிரத்துச் சொச்சத்தைக் கணக்கில் போடுவார்கள். கேட்டால் எல்லாம் உன் பி.எஃப்.லதான் இருக்கு என்பார்கள். இருந்தாலும் அது தப்பு, முதலாளி பங்கைத் தொழிலாளி கூலியிலிருந்து பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. சில நேரம் அந்தப் பணம் பி.எஃப்.-க்கும் போயிருக்காது.

சரிபார்ப்பது சுலபம். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண் பன்னிரண்டு இலக்கம், அதை வாங்கி வையுங்கள். உமங் செயலியில் பாஸ்புக் பார்க்கலாம், வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். எந்த மாதம் விழவில்லை என்பது அதிலேயே தெரியும். ஒப்பந்தக்காரர் கட்டவில்லை என்றால் பொறுப்பு நகராட்சிக்கும் உண்டு, ஏனென்றால் பி.எஃப். திட்ட விதியில் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஒப்பந்தக்காரர் வழியாக வேலை வாங்குகிறவர், தப்பிக்க முடியாது. பில் பாஸ் பண்ணும்போது பி.எஃப். சலானை (பணம் கட்டிய சீட்டை) சேர்த்து வாங்குவது கணக்குப் பிரிவின் வேலை. அந்தச் சலானின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தாள், முப்பது நாளில் பதில். மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: "ஊழல் நடக்கிறது" என்று எழுதாதீர்கள், "இந்த மாதத்து பி.எஃப். சலான் நகலும் அதனுடன் உள்ள பணியாளர் பட்டியலும் வேண்டும்" என்று எழுதுங்கள். முதலில் சொன்ன மாதிரி எழுதினால் காகிதமே வராது.

வேலை நேரம் எத்தனை மணி? காலை ஆறுக்கு மஸ்டர் (வருகைப் பதிவு), முடியும்போது சாயங்காலம்.

எட்டு மணி நேரம் ஒரு நாள், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் போனால் இரண்டு மடங்கு கூலி. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு.

சிக்கல், பிளந்து போடுகிற ஷிப்டில்தான். காலை ஆறிலிருந்து பதினொன்று, மறுபடி இரண்டிலிருந்து ஐந்து என்று போட்டால் தாளில் எட்டு மணி நேரம்தான். வெளியூரில், ஊர்க்கோடியில் வீடு இருக்கிறவருக்கு நடுவில் உள்ள மூன்று மணி நேரம் வீட்டுக்கும் ஆகாது, வேலைக்கும் ஆகாது. பங்குனி, சித்திரை வெயிலில் இரண்டு மணிக்குத் திரும்பவும் வண்டியை எடுப்பது என்றால் என்ன என்று கூட்டுகிறவருக்குத்தான் தெரியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இன்னொரு கூத்து. காலையில் கூட்டிய கடற்கரை ரோட்டில் மத்தியானத்துக்குள் மணல் திரும்பவும் ஏறியிருக்கும், சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து "இங்கே கூட்டவே இல்லையே" என்பார். காலை ஆறிலிருந்து ஒரே மூச்சில் மதியம் இரண்டு வரை, நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி என்று மாற்றக் கேட்கலாம். நேரத்தை மாற்றுவதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, கமிஷனர் மட்டத்தில் முடிகிற விஷயம்.

தண்ணீர் திறக்கிறவர்கள் கதை தனி. காவிரிக் கூட்டுக் குடிநீர் எப்போது வருகிறதோ அப்போது தொட்டி ஏற்றவேண்டும், ராத்திரி ஒன்றானாலும் போகவேண்டும். அவர்களுக்கு "கூப்பிட்டால் வரவேண்டும்" என்பதுதான் வேலை நேரம் என்றாகிவிட்டது. வால்வு திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். அந்த நோட்டு இல்லாமல் ஓவர்டைம் என்று யாரிடமும் பேச முடியாது.

ஆடி அமாவாசைக்கு ராத்திரி பகலாக வேலை வாங்குகிறார்கள், அதற்குத் தனிக் காசு உண்டா?

உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி சிவராத்திரி என்றால் ராமேஸ்வரத்தில் முந்தின நாள் ராத்திரியே கூட்டம் இறங்கிவிடும். அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டவர்கள் கட்டியிருந்த துணியை அப்படியே கடலில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஈரத்துணி மணலும் உப்புத்தண்ணியும் குடித்துக் கனத்துப்போய்க் கிடக்கும், ஒரு சேலையை இழுக்க இரண்டு பேர் வேண்டும், அலை திரும்ப உள்ளே இழுக்கும். விடிவதற்குள் அதை அள்ளி முடிக்கவேண்டும், ஏனென்றால் விடிந்ததும் அடுத்த கூட்டம்.

கணக்கு இப்படி. 500 ரூபாய் கூலியை எட்டால் வகுத்தால் மணிக்கு 62.50. ஓவர்டைம் இரண்டு மடங்கு, 125. நான்கு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால் 500, அதாவது இன்னொரு முழு நாள் கூலி. ஆனால் நடைமுறையில் ஒரு பிரியாணிப் பொட்டலமும் டீயும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள், மிஞ்சிப்போனால் "அடுத்த வாரம் ஒரு நாள் லீவு எடுத்துக்க" என்று வாய்வார்த்தை. சாப்பாடு போடுவது நல்லதுதான், அதற்காகக் கூலி கழியாது. திருவிழாச் செலவுக்கென்று தனியாக எஸ்டிமேட் போடுகிறார்கள். பிளீச்சிங் பவுடருக்கும் தற்காலிகக் கழிப்பறைக்கும் அதில் தொகை இருக்கும்போது ஓவர்டைமுக்கு மட்டும் ஏன் ஒரு வரி இல்லை என்று கவுன்சிலர் யாராவது கேட்கலாம்.

மழைக்கும் இதே விதிதான். 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் அவசர வேலை என்று கூப்பிட்டால் போய்த்தான் ஆகவேண்டும். அவசரம் என்பது மறுக்காமல் வருவதற்குக் காரணம், இலவசமாக வருவதற்கு இல்லை.

காய்ச்சல் வந்து மூன்று நாள் வரவில்லை. மூன்று நாள் கூலியும் போச்சு. நோய் விடுப்பு என்று ஒன்று இல்லையா?

நிரந்தர ஊழியருக்கு நன்றாகவே இருக்கிறது. தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள். ஈட்டிய விடுப்பு 30 நாள், ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று கணக்கில் ஏறும், 240 வரை சேர்த்து வைக்கலாம். மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு தனி, சர்வீஸ் கூடக் கூட அதுவும் கூடும், மொத்த சர்வீஸில் 540 நாள் வரை போகும். மகப்பேறு விடுப்பு 2021-லிருந்து பன்னிரண்டு மாதம்.

ஒப்பந்தப் பணியாளருக்கு நோய் விடுப்பு என்றால் நடைமுறையில் இ.எஸ்.ஐ. ஒன்றுதான். இதைப் பலர் ஆஸ்பத்திரிச் சீட்டு என்று மட்டும் நினைக்கிறார்கள், அது தவறு, நோயில் படுத்த நாளுக்குக் காசும் தரும். சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், நம் 500 ரூபாய்க் கணக்கில் 350. அடுத்தடுத்த இரண்டு பயன்பாட்டுக் காலங்களில், அதாவது சுமார் ஒரு வருடத்தில், 91 நாள் வரை கிடைக்கும். காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய் என்றால் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. மகப்பேறுக்கு 26 வாரம் முழுச் சம்பளம்.

நிபந்தனை இரண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு ஆறு மாதமாகச் சந்தாக் காலம் பிரிகிறது, அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா விழுந்திருக்கவேண்டும். டெண்டர் மாறுகிற மாதத்தில் பழைய கம்பெனியும் கட்டாமல் புதிய கம்பெனியும் கட்டாமல் விட்டால் இந்த 78-ல்தான் அடி விழும். இரண்டாவது, சான்று இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் வாங்கவேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு சீட்டு வாங்கிவந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக வரும் நோய்க்கு முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆக மூன்று நாள் காய்ச்சலுக்கு ஒரு நாள் காசுதான் தேறும். பெரிய நோய்க்குத்தான் இ.எஸ்.ஐ. உதவும், சில்லறைக் காய்ச்சலுக்கு அது மருந்து இல்லை.

சில்லறைக் காய்ச்சலுக்கு வழி என்னவென்றால் ஆண்டு விடுப்பு. புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படி வருடத்தில் 180 நாள் வேலை பார்த்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. 300 நாள் வேலை பார்த்தால் 15 நாள். அரசு அலுவலகங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் அங்கே ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர்களுக்குப் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

விடுப்பு கேட்டால் "ஆள் இல்லை" என்கிறார்கள். பாவம், மேஸ்திரிக்கும் உண்மையிலேயே ஆள் இல்லை.

சரியாகப் பிடித்தீர்கள். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் உள்ள முக்கால்வாசிக் கேள்விக்கும் வேர் இதுதான்.

ஒரு ஊரைத் தினமும் சுத்தம் செய்ய அறுபது பேர் வேண்டும் என்று வையுங்கள். வாரம் ஏழு நாளும் குப்பை வரும், ஆனால் ஒருவர் ஆறு நாள்தான் வேலை பார்க்கலாம். அறுபதை ஏழால் பெருக்கி ஆறால் வகுத்தால் எழுபது. ஆக வார ஓய்வு கொடுக்க மட்டுமே எழுபது பேர் வேண்டும், நோய், கல்யாணம், சாவு இதெல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. அதற்கு ஐந்தாறு பேரைச் சேருங்கள். ஆனால் டெண்டரில் கேட்பது அறுபது. எல் 1 (டெண்டரில் குறைந்த விலை கேட்டவர் என்ற முதலிடம்) பிடிக்கவேண்டும் என்று விலையைக் குறைத்துப் போட்ட ஒப்பந்தக்காரர் உண்மையில் அனுப்புவது இன்னும் குறைவு. அப்புறம் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் தெருவைப் பக்கத்துத் தெருக்காரர் சேர்த்துக் கூட்டவேண்டும், அவர் முணுமுணுப்பார், இவர் காய்ச்சலோடு வந்து நிற்பார். மேஸ்திரி கெட்டவர் என்பதால் லீவு மறுக்கப்படவில்லை. லீவுக்கு ஆளே டெண்டரில் வாங்கப்படவில்லை.

இந்தக் கணக்கை மன்றத்தில் வைக்க மாற்று ஆள் ஒதுக்கீடு என்ற ஒரு வரி போதும். தினசரித் தேவை இத்தனை, வார ஓய்வுக்கு இத்தனை, விடுப்புக்கு இத்தனை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். செலவு கூடும், மறைக்கவேண்டாம். எங்கிருந்து வரும் என்று அதிகாரி கேட்பார், நியாயமான கேள்விதான், கடலோரப் பேரூராட்சிகளுக்குச் சொத்து வரி வருமானம் பெரிதாக இல்லை. ஆனால் இன்றைக்கு அந்தச் செலவைக் கட்டுவது காய்ச்சலோடு வருகிற அந்த ஆள்தான். செலவே இல்லை என்று பேசுவது சரியில்லை.

மீன் மார்க்கெட் குப்பையில் முள் குத்திக் கை வீங்கிவிட்டது. இது நோயா, விபத்தா?

விபத்து. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் வேலையில் பட்ட காயம் என்றால் 70 இல்லை, 90 சதவீதம். 78 நாள் நிபந்தனையும் கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு, ஆறும் வரை உண்டு.

நம் பக்கத்தில் இது தினசரி நடப்பது. மார்க்கெட் தொட்டியில் திருக்கை வால் முள் கிடக்கும், அரம் மாதிரிப் பல் வைத்தது, துணிக் கையுறையைச் சாதாரணமாக ஊடுருவும், இழுக்கும்போது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். கெளுத்தி முள், துருப்பிடித்த தூண்டில், நைலான் வலைக்குள் சிக்கிய உடைந்த பாட்டில், எல்லாம் ஒரே மூட்டையில் வரும். காயத்தைக் கழுவிவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்து, நான்காம் நாள் கை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால் "இது வேலையில் பட்டதா, வீட்டில் பட்டதா" என்று கேட்பார்கள். அதனால் அன்றைக்கே, முள் குத்திய அன்றைக்கே, மேஸ்திரியிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்றால் இன்ஸ்பெக்டருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் "இன்று மார்க்கெட்டில் வேலையில் குத்தியது" என்று ஒரு வரியும் அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதியும் நேரமும் பின்னால் பேசும். அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போடும்போது சீட்டில் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாத இடம் என்றால் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் உள்ள இழப்பீட்டு விதிப்படி ஒப்பந்தக்காரரும் நகராட்சியும் பொறுப்பு. செலவு பெரிதானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை.

சாக்கடைக் குழிக்குள் இறங்கச் சொல்கிறார்கள்.

இறங்காதீர்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ பாதாளச் சாக்கடைக்குள்ளோ ஆளை இறக்குவது குற்றம், ஜாமீன் இல்லாத குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கும்.

480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்கிறார்களே?

1981-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கவேண்டும் என்கிறது. ஆனால் அது தொழிற்சாலை, தோட்டம், கடை, உணவகம் போன்ற "தொழில் நிறுவனங்களுக்கு" எழுதியது. நகராட்சி அதற்குள் வருமா என்பதில்தான் வழக்கே நடக்கும். எதிர்ப்பக்கம் 2006-ம் ஆண்டு உமாதேவி வழக்குத் தீர்ப்பை எடுத்துப் போடுவார்கள், முறையான தேர்வு இல்லாமல் வந்தவரைப் பின்வாசல் வழியாக நிரந்தரமாக்கக்கூடாது என்பது அதன் சாரம். நிரந்தரம் ஆக்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இவ்வளவு சொன்னால் போதும்.

சட்டம் பிடித்தவர்களுக்கு ஒரு சுவாரசியம். ஒரு நிறுவனத்தின் மையப் பணிக்கு ஒப்பந்த ஆளை வைக்கக்கூடாது என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. துப்புரவு மையப் பணி ஆகாது என்று விலக்கும் கொடுக்கிறது, ஆனால் "அந்த நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டதாக இல்லாவிட்டால்" என்ற ஒரு வாலோடு. ஒரு பேக்டரிக்குக் கூட்டுவது பக்கத்து வேலை. ஊரைச் சுத்தமாக வைப்பது நகராட்சிக்குப் பக்கத்து வேலையா, மைய வேலையா? இதை வைத்து நல்ல வக்கீல் ஒருவர் வாதாடினால் கேட்க ஆசையாக இருக்கிறது.

யாரிடம் போய்ச் சொல்வது? கலெக்டரிடம் மனுக் கொடுத்தால் நகராட்சிக்கே திரும்பி வருகிறது.

வரத்தான் செய்யும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிற மனு எந்த அலுவலகத்தைப் பற்றியதோ அங்கேயே பதிலுக்குப் போகும். கூலி குறைவு, ஓவர்டைம் பாக்கி என்றால் தொழிலாளர் துறைக்கு நேராகப் போங்கள். பி.எஃப். என்றால் பி.எஃப். அலுவலகத்துக்கு, இணையத்திலேயே புகார் பதியலாம். குடிநீர், குப்பை, ரோடு மாதிரி எல்லாவற்றையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே மாதத்தின் ஒரே குறையை எழுதிய மனுவுக்கு இருக்கிற மரியாதை, ஒருவர் எழுதிய பத்துக் குறைக்கு இருக்காது. தனியாகப் போய் மாட்டிக்கொள்ள பயமாக இருந்தால் சங்கம் வழியாகப் போங்கள், சங்கம் எதற்கு இருக்கிறது.

தூய்மைப் பணியாளர் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. கூலிப் பிரச்சினைக்கு அது உதவாது, ஆனால் பிள்ளைகள் படிப்பு, விபத்து, ஈமச்சடங்கு உதவித்தொகைக்கு உறுப்பினர் அட்டை வேண்டும். தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டு வசதி, மேம்பாட்டுக் கழகம்) அலுவலகத்தில் கேளுங்கள்.

டெண்டர் முடிந்து கம்பெனி போகிறது. எங்களுக்கு வரவேண்டியது?

வேலை முடிந்தாலோ நிறுத்தினாலோ பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வரவேண்டும். கம்பெனி கிளம்புவதற்கு முன்னால், அதன் டெபாசிட் நகராட்சியிடம் இருக்கும்போதே, எழுத்தில் கேட்டுவிடுங்கள். டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தபின் நகராட்சிக்கும் பிடி இருக்காது. பாக்கி மாதம், ஓவர்டைம் மணி, எடுக்காத விடுப்பு மூன்றையும் எழுதிக் கமிஷனருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று கொடுத்து, உங்கள் நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய கம்பெனி வந்து புதிய யூ.ஏ.என். எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள், பழைய எண்ணையே கொடுங்கள்.